கதர் தேசியக்கொடி 3 அடிக்கு 2 அடி: ரெண்டு ஆகஸ்ட் 15, ஒரு ஜனவரி 26 ஏத்திப் பார்த்துட்டு எழுதறேன்

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங் செக்‌ஷன் பாக்கறேங்க. 18 வருஷமா துணியத் தொட்டுப் பாத்து, வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, ஓட்டை இருக்கா சாயம் ஒட்டுதா தையல் விட்டிருக்கான்னு பாக்கறதுதான் பொழப்பு. அதனால கொடியப் பத்தி எழுதினாலும் துணில இருந்துதான் ஆரம்பிப்பேன். வாங்கினது கதர்ல செஞ்ச தேசியக்கொடி, 900 மில்லிமீட்டருக்கு 600, நம்ம கணக்குல 3க்கு 2 அடி. எங்க யூனிட் வாசல்ல இருக்கற கம்பத்துக்கு வாங்கினோம். விலை 1,000 ரூபாய தாண்டிருச்சு. பில்லுல ஜிஎஸ்டி கிடையாது, தேசியக்கொடிக்கு வரி விலக்கு இருக்கு.

ஏன் வாங்கினோம்னு சொல்லணும். அதுக்கு முந்தின வருஷம் வரைக்கும் ஆகஸ்ட் 14 சாயங்காலம் யாராவது ஒருத்தர் வண்டில போயி சிக்னல்ல விக்கற பாலியஸ்டர் கொடிய வாங்கிட்டு வந்துருவாங்க, காலைல ஏத்துவோம், மிட்டாய் குடுப்போம், முடிஞ்சது. அந்த வருஷம் கொடி விரிஞ்சதும் எனக்கு கண்ணு நேரா சக்கரத்துக்குத்தான் போச்சு, சக்கரம் வட்டமாவே இல்ல, முட்டை மாதிரி நீண்டு கெடந்துச்சு, பிரிண்ட் பண்றப்ப துணிய இழுத்துட்டாங்க. பச்சை பட்டை காவிய விட ரெண்டு விரல் குறைவு. ஜனகணமன பாடி முடிக்கறதுக்குள்ள சாரல் புடிச்சுது, பத்து நிமிஷத்துல காவி இறங்கி வெள்ளைல ரோஸ் கலர்ல திட்டு திட்டா வந்துருச்சு. நாங்க வெளிநாட்டுக்கு அனுப்பற டி-சர்ட்ல பட்டன் அளவு கறை இருந்தா பீஸ தூக்கி ஓரமா போடறோம், ஷேடு கொஞ்சம் மாறினா மொத்த லாட்டையும் நிறுத்தறோம். எவனோ ஒருத்தன் கடல் தாண்டி போடப்போற பனியனுக்கு அவ்வளவு பாக்கறவன், சொந்தக் கொடிக்கு என்னத்த பாத்தேன்னு அன்னைக்கு நைட்டு தூக்கமே இல்லைங்க. மனசு அவ்வளவு கஷ்டமா போச்சு.

அடுத்த வருஷம் ஆகஸ்ட் முதல் வாரமே மொதலாளிகிட்ட சொல்லி காசு வாங்கிட்டு கதர் கடைக்கு போனேன். கடை பேரெல்லாம் வேண்டாம், நம்ம ஊர்ல பழைய கடைதான், மர பீரோ, கண்ணாடிக்குள்ள வேட்டி துண்டு, ஒரு ஓரத்துல தேன் பாட்டிலு சோப்பு, உள்ள போனாலே அந்த கஞ்சி போட்ட துணி வாசம் வரும். கவுண்டர்ல ஒரு பெரியவர். கொடி வேணும்னு சொன்னதும் "எத்தனை அடி கம்பமுங்க"ன்னு கேட்டார் பாருங்க, அதுலயே எனக்கு மனசு நெறஞ்சிருச்சு. கம்பத்துக்கு தக்கன கொடி பாத்து குடுக்கணும்னு அவருக்கு தெரிஞ்சிருக்கு. ஆனா கடைல ரெண்டே அளவுதான் இருந்துச்சு. ஒம்பது அளவு இருக்குங்க மொத்தம், பெருசு 6300க்கு 4200, சின்னது மேசை மேல வெக்கற 150க்கு 100, எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. எதுவா இருந்தாலும் நீளம் அகலம் 3க்கு 2ங்கற கணக்கு மாறக்கூடாது.

முதல் பீஸ பிரிச்சு லைட்டுக்கு நேரா புடிச்சேன். சக்கரம் முன்பக்கம் ஒரு இடத்துலயும் பின்பக்கம் ஒரு நூல் அளவு தள்ளியும் விழுந்திருந்துச்சு. வேண்டாம்னேன். ரெண்டாவது பீஸ்ல கீழ் மடிப்பு தையல் ஒரு இடத்துல விட்டிருந்துச்சு. அதுவும் வேண்டாம். மூணாவது பிரிச்சப்ப பெரியவர் கோவிச்சுக்குவாரோன்னு பாத்தேன், அவர் கண்ணாடிய மாட்டிகிட்டு என்கூடவே குனிஞ்சு ஆரக்கால எண்ண ஆரம்பிச்சுட்டார். 24 சரியா இருந்துச்சு. கையக்குட்டைய நனைச்சு காவிய ஒரு தேய் தேய்ச்சேன், பச்சைய ஒரு தேய், ஒட்டவே இல்ல. அத எடுத்துகிட்டேன். ஒரு குறை என்னன்னா மூணு பீஸ் பாத்துத்தான் ஒண்ணு தேற வேண்டியிருந்துச்சு, வாங்கப் போறவங்க அவசரத்துல அப்படியே கட்டிக் குடுக்கறத வாங்கிட்டு வராதீங்க, பிரிச்சுப் பாருங்க.

இப்ப துணிக்கு வரேன், இதுலதான் எனக்கு நிறைய சொல்லணும்.

கதர்னா கைல நூத்து கைத்தறில நெய்யறது. கொடியோட உடம்பு ஒரு துணி, கயிறு ஓடற பக்கம் இருக்கற பட்டை வேற துணி, தடிப்பா சாயம் போடாம பழுப்பு கலர்ல இருக்கும், அந்த பட்டைல வலு இல்லன்னா காத்துல கிழிஞ்சிரும். உடம்புத் துணிய கண்ணுக்கு கிட்ட வெச்சு பாத்தா நூல் ஒரே மாதிரி இருக்காது. ஒரு இடத்துல மெல்லிசா போகும், ஒரு இடத்துல கொஞ்சம் தடிச்சு ஓடும், அங்கங்க சின்ன முடிச்சு மாதிரி தெரியும். நாங்க கம்பெனில அத ஸ்லப்புன்னு சொல்லி ரிஜெக்ட் பண்ணுவோம். எங்க அப்பாரு சென்னிமலைல தறி ஓட்டினவரு, போர்வைதான் பெரும்பாலும், கொஞ்ச காலம் சர்வோதய சங்கத்துக்கு கதரும் நெய்திருக்காரு. பள்ளிக்கூடம் லீவுக்கு போறப்ப பாவுக்கு பக்கத்துல என்னைய உக்கார வெச்சு ரெண்டு நூல கைல குடுத்து எது மில்லு எது ராட்டைன்னு கேப்பாரு. எனக்கு தெரியாது. "மில்லு நூலு சீரா ஓடிரும் சாமி, கைநூலுலதான் ஆளு தெரியும்"பாரு. அப்ப அது புரியல. கடைல அந்தக் கொடிய லைட்டுக்கு நேரா புடிச்சப்பத்தான் புரிஞ்சுது. அந்த தடிப்பு ஒவ்வொண்ணும் யாரோ ஒரு அம்மா ராட்டைய சுத்தறப்ப கை கொஞ்சம் நின்ன இடம். அத தொட்டுப் பாத்துட்டு எனக்கு கண்ணு கலங்கிருச்சு, கடைல பெரியவர் முன்னாடி அப்படி ஆனத பத்தி எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்லைங்க.

செக்கிங் வேலை பாக்கறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்றேன், நம்ம நாட்டு தர நிர்ணய பட்டியல்ல ஐஎஸ் நம்பர் 1 எதுக்கு தெரியுமா, சிமென்ட்டுக்கு இல்ல இரும்புக்கு இல்ல, தேசியக்கொடிக்கு. நூலோட கவுண்ட், அதாவது நூல் எவ்வளவு மெல்லிசுங்கற கணக்கு, நெசவோட நெருக்கம், சாயம் வெயிலுக்கும் தண்ணிக்கும் தாங்குதா, சக்கரம் நடுவுல இருக்கா, எல்லாத்துக்கும் அதுல அளவு போட்டு வெச்சிருக்காங்க. அந்த ஐஎஸ்ஐ தரத்துக்கு கொடி செய்யறதுல பேர் போன இடம் கர்நாடகத்துல ஹூப்ளி பக்கம் பெங்கேரில இருக்கற கதர் கிராமத்தொழில் சங்கம். அங்க தைக்கறவங்கள்ல பெரும்பாலும் பொம்பளைங்கதான். எங்க லைன்ல பவர்டேபிள்ல, அதான் தையல் மிஷின்ல, உக்காந்திருக்கற அக்காங்ககிட்ட இத சொன்னப்ப அவங்க மொகத்த பாக்கணுமே, ஒருத்தர் எந்திரிச்சு வந்து கொடியோட ஓரத் தையல தடவிப் பாத்து "சுத்தமா போட்டிருக்காங்கண்ணா"ன்னாங்க. அதவிட பெரிய சர்டிபிகேட் எனக்கு வேண்டியதில்ல.

கதர் கொடின்னு பேச ஆரம்பிச்சா எங்க ஊர்ல குமரன் பேர் வராம இருக்காது. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நினைவகம், மெயின் ரோட்டுக்கே அவர் பேரு, தினமும் ஆயிரக்கணக்குல ஜனங்க அந்த ரோட்டுல போறோம். அவர் எங்க அப்பாரு ஊரு, சென்னிமலை, 1904ல நெசவாளர் குடும்பத்துல பொறந்தவரு. 1932 ஜனவரி மொத வாரத்துல காந்திய கைது பண்ணினதும் நாடெங்கும் ஊர்வலம் நடந்துச்சு, திருப்பூர்லயும் நடந்துச்சு, கொடி தூக்கக் கூடாதுன்னு தடை. தூக்கிட்டு போனாரு. மண்டைல அடி. ஜனவரி 11 உசுரு போயிருச்சு, விழுந்தப்பவும் கைல இருந்த கொடிய விடல. 27 வயசு. எங்க கம்பெனில கட்டிங்ல நிக்கற பசங்க வயசுங்க அது.

ஒரு விஷயம் நிறைய பேர் கவனிக்கறதில்ல. குமரன் கைல இருந்த கொடில இந்த சக்கரம் கிடையாது. 1931ல காங்கிரஸ் ஏத்துகிட்ட கொடி அது, காவி வெள்ளை பச்சை, நடுவுல ராட்டை. சாரநாத் அசோகர் தூண்ல இருந்து எடுத்த சக்கரம் 1947 ஜூலை 22ல அரசியல் நிர்ணய சபை முடிவு பண்ணினப்பத்தான் அந்த எடத்துக்கு வந்துச்சு. ராட்டை படமா இல்லாம போனாலும் துணில இருந்துச்சு, கொடின்னா கைல நூத்த துணிலதான் செய்யணும்னு வெச்சிருந்தாங்க. அதனாலதான் எனக்கு இந்த கதர் விஷயம் வெறும் துணி விஷயமா தெரியல. ஒரு நெசவாளி பையன் ராட்டை போட்ட கதர் கொடிய விடாம புடிச்சுகிட்டு செத்த ஊர்ல, ராவும் பகலும் தறியும் தையலும் ஓடற ஊர்ல, அதே கொடிய சாயம் ஒழுகற பாலியஸ்டர்ல ஏத்தறது எனக்கு ஆகல.

அவர் செத்து பதினஞ்சாவது நாள் சென்னைல இன்னொண்ணு நடந்துச்சு. ஜனவரி 26, அப்ப சுதந்திர தினம்னு கொண்டாடினது அந்த நாளைத்தான், 1930ல இருந்து. ஆர்யான்னு கூப்பிடற பாஷ்யம் ராத்திரியோட ராத்திரியா செயின்ட் ஜார்ஜ் கோட்டை கொடிமரத்துல ஏறி வெள்ளைக்காரன் கொடி பறக்கற எடத்துல நம்ம கொடிய கட்டிட்டு வந்துட்டாரு. அதே கோட்டைல 1947 ஆகஸ்ட் 15 விடிகாலைல ஏத்தின பட்டுக் கொடிய மியூசியத்துல கண்ணாடிக்குள்ள இப்பவும் வெச்சிருக்காங்க, சென்னை போறவங்க அவசியம் பாருங்க, நான் பாத்திருக்கேன், அந்த துணிக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னேன்.

சரி கொடி ஏத்தின அன்னைக்கு வரேன். எங்க யூனிட்ல பாதிக்கு மேல வடக்க இருந்து வந்தவங்க, பீகார், ஒடிசா, ஜார்கண்ட், வங்காளம். மத்த வருஷமெல்லாம் கொடி ஏத்தினதும் அவங்க ஒரு பக்கம் நாங்க ஒரு பக்கம்னு மிட்டாய வாங்கிட்டு கலைஞ்சிருவோம். அந்த வருஷம் புதுக் கொடி, எல்லாரும் கிட்ட வந்து பாத்தாங்க. அயர்னிங்ல இருக்கற ஒரு பீகார் தம்பி, முசாபர்பூர் பக்கத்துக்காரன், தமிழ் ஓரளவு பேசுவான், "அண்ணா ஏன் இவ்ளோ காசு குடுத்து இந்த துணி"ன்னு கேட்டான். குமரன் கதைய சொன்னேன், எனக்கு தெரிஞ்ச இந்தி அவனுக்கு தெரிஞ்ச தமிழ் ரெண்டையும் போட்டு. கேட்டுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் சொன்னான், "நான் தினம் அந்த ரோட்டுல போறேன் அண்ணா, குமரன்னா கடை ஓனர் பேருன்னு நெனச்சேன்". தப்பு அவன் மேல இல்ல, ரெண்டு வருஷமா என் பக்கத்துல வேலை செய்யறான், நானும் சொன்னதில்ல.

அப்புறம் அவன் ஆரம்பிச்சான். அவங்க ஊர் ஜெயிலுக்கு வெள்ளைக்காரன எதிர்த்த குதிராம் போஸ் பேரு வெச்சிருக்காங்களாம். அங்கதான் 1908 ஆகஸ்ட் 11ல அந்த பையன தூக்குல போட்டாங்க, 18 வயசு. வங்காளத்து பையன், மேதினிபூர்ல பொறந்து பீகார்ல உசுர விட்டவன். இவன் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் நின்ன வங்காளத்து பையன் "ஹமாரா, ஹமாரா"ன்னு கிட்ட வந்துட்டான். ஜார்கண்ட் பொண்ணு ஒண்ணு வெள்ளைக்காரன எதிர்த்த பழங்குடித் தலைவர் பிர்சா முண்டா பேர சொல்லுச்சு. எனக்கு அந்த பேரு பாடப் புத்தகத்துல ஒரு வரி, அதுக்கு அது குலசாமி மாதிரி. மிட்டாய் டப்பா காலியாகி டீயும் வந்துருச்சு, யாரும் கலையல. லீவு நாளு, ரூமுக்கு போயி துணி துவைக்கணும் ஊருக்கு போன் பண்ணணும்னு நிக்கற ஜனங்க ஒரு மணி நேரத்துக்கு மேல அந்த கம்பத்தடிலயே உக்காந்து அவங்கவங்க ஊர்ல செத்தவங்கள பத்தி பேசிகிட்டு இருந்தாங்க. 18 வருஷத்துல நான் பாத்த நல்ல சுதந்திர தினம் அதுதான்.

இனி குறைகள். கதர் கனம் ஜாஸ்தி. ஆகஸ்ட் 15 எங்க பக்கம் ஆடி முடியற நேரம், அம்மிய பறக்க வெக்கற காத்து, அதுல கொடி அருமையா விரிஞ்சு பறந்துச்சு, அந்த படபடன்னு வர்ற சத்தம் பாலியஸ்டர்ல வராது, இது அழுத்தமான சத்தம். ஆனா ஜனவரி 26ல காத்தே இல்ல, கொடி கம்பத்தோட ஒட்டி தொங்கிட்டு நின்னுச்சு, காலைல எட்டு மணிக்கு கூடி நின்ன ஜனங்களுக்கு சக்கரம் தெரியவே இல்ல. மழைல நனைஞ்சா தண்ணிய குடிச்சு இன்னும் கனமாயிரும், காய ஒரு நாள் ஆச்சு, அதுவும் நிழல்ல காய வெக்கணும். மடிச்ச எடத்துல சுருக்கம் விழுது, மிதமான சூட்டுல லேசா தண்ணி தெளிச்சு தேய்ச்சா போயிரும். கயிறு தனியா வாங்கணும், பட்டைல அத எப்படி கோக்கறதுன்னு ஒரு துண்டு பேப்பர்ல எழுதி உள்ள வெச்சிருந்தா நல்லா இருக்கும், எதுவும் இல்ல. காவி மேல வரணும்ங்கறது எல்லாருக்கும் தெரியும், ஆனா அவசரத்துல தலைகீழா கட்டிர்றவங்க இருக்காங்க, கட்டினதும் ஒரு தடவ ஏத்திப் பாத்து எறக்கிக்கங்க. சாயம் மட்டும் ஒரு சொட்டு கூட எறங்கல, மூணு தடவ ஏத்தி ஒரு தடவ நல்லா நனைஞ்சும் வெள்ளை வெள்ளையாவே இருக்கு. அதுக்கு முழு மார்க்.

மடிக்கறதுக்கும் முறை இருக்கு. படுக்கவசமா புடிச்சு காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடில போற மாதிரி மடிச்சு, அப்புறம் ரெண்டு பக்கமும் உள்ள மடிச்சா சக்கரமும் காவி பச்சை கொஞ்சமும் மட்டும் மேல தெரியும், அப்படியே ரெண்டு உள்ளங்கைல வெச்சு எடுத்துட்டு போகணும். நாங்க பழைய பெட்ஷீட் துணில சுத்தி ஆபீஸ் பீரோல வெக்கறோம். அந்த ரோஸ் திட்டு விழுந்த பழைய பாலியஸ்டர் கொடிய குப்பைல போடக் கூடாது, தொடைக்கற துணியா ஆக்கவும் கூடாது, யாரும் பாக்காத எடத்துல முழுசா எரிச்சிரணும்னு விதி. யூனிட்டுக்கு பின்னால நானும் வாட்ச்மேன் அண்ணனும் அப்படித்தான் செஞ்சோம்.

பாலியஸ்டர் வாங்கறவங்கள நான் தப்பு சொல்லல. 2021 டிசம்பர்ல கொடி விதிய திருத்தி மிஷின்ல நெய்த கொடியும் பாலியஸ்டர் கொடியும் ஏத்தலாம்னு ஆக்கிட்டாங்க, 1,000 ரூபாய் எல்லாராலயும் முடியாது, ஒரு கூலிக்காரர் தன் குழந்தைக்கு 30 ரூபாய்க்கு கொடி வாங்கிக் குடுக்கறதும் அதே அன்புதான். அந்த திருத்தம் வந்தப்ப ஹூப்ளில கொடி செய்யற கதர் சங்கத்துக்காரங்க எதிர்ப்பு தெரிவிச்சாங்க, அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, ராட்டைய நம்பி உக்காந்திருக்கற கைக்கு வேற வேலை எங்க இருக்கு. அதனால என் வேண்டுகோள் கம்பெனிகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சங்கங்களுக்கும்தான். வருஷத்துக்கு ரெண்டு தடவ ஏத்தற கொடி, நல்லா வெச்சிருந்தா பல வருஷம் வரும், ஒரே ஒரு கதர் கொடி வாங்குங்க. ஆகஸ்ட் 10க்கு மேல போனா கடைல இருக்கறத வாங்கிட்டு வரணும், ஜூலை கடைசிலயே போயிருங்க.

இந்த வருஷம் ஆகஸ்ட் 15க்கு முன்னால மொதலாளிகிட்ட ஒண்ணு கேட்டேன். எப்பவும் அவர்தான் ஏத்துவாரு. 1974க்கு முன்னாடி மாநிலத்துல சுதந்திர தினத்துக்கு கொடி ஏத்தறது கவர்னர்தான், முதலமைச்சர் ஏத்தலாம்ங்கறத கலைஞர் கேட்டு வாங்கினாரு. சாதாரண ஜனங்க எல்லா நாளும் ஏத்தலாம்னு வந்தது 2002ல, அது அடிப்படை உரிமைன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது 2004ல. இதையெல்லாம் அவர்கிட்ட சொல்லிட்டு, இந்த தடவ நம்ம முசாபர்பூர் தம்பி ஏத்தட்டுமாங்கன்னு கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் கூட யோசிக்கல, "ஏத்தட்டும்"னாரு.

தம்பி புது சட்டை போட்டு வந்திருந்தான். கயித்த இழுக்கறப்ப கை நடுங்குச்சு, முடிச்சு அவிழ கொஞ்சம் நேரமாச்சு, நாங்க யாரும் அவசரப்படுத்தல. விரிஞ்சதும் செருப்ப கழட்டி வெச்சுட்டுத்தான் நின்னிருக்கான்னு அப்பத்தான் பாத்தேன். சாயங்காலம் கொடிய எறக்கி மடிக்கறதுக்கும் அவனே வந்தான், நான் சொல்லிக் குடுத்த மாதிரி பச்சைய அடில விட்டு மடிச்சு, துணில இருந்த ஒரு தடிச்ச நூல விரல்ல தடவிகிட்டே "அண்ணா, ஜனவரி 11 லீவு குடுப்பாங்களா, அந்த நினைவகத்துக்கு உள்ள போயி பாக்கணும்"னு கேட்டான். லீவு இல்ல. சீக்கிரம் வேலைய முடிச்சுட்டு ரெண்டு பேரும் போறதா பேசி வெச்சிருக்கோம்.